சதுக்கப் பூதத்துக்கு முகம் வரையலாமா?

வெண்ணாறு (தஞ்சாவூர்) எழுதியது:

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கும்பகோணத்தில் மகாமகக் குளத்தின் படிக்கட்டில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, கொண்டுவரவிருக்கும் மாயக்கதைத் தொகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பது கதைகள் கைக்கு வந்துவிட்டன. எழுதிய ஒன்பது பேரும் காவிரியின் ஏதோ ஒரு கிளையாற்றின் கரையில் பிறந்தவர்கள் என்பதைத் தவிர எங்களுக்குள் பொதுவானது எதுவுமில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர், நான் பள்ளி ஆசிரியை. பேச்சுவாக்கில் ஒருவர், சிறுவயதில் உங்களை முதன்முதலாகப் பயமுறுத்திய படம் எது என்று கேட்டார். நான்கு பேர் ஒரே மூச்சில் ஒரே படத்தைச் சொன்னோம்: உருவிய வாளும் தோளில் பிணமுமாகச் சுடுகாட்டு வழியே நடந்து செல்லும் விக்கிரமன்.

அம்புலிமாமாவில் 1952ஆம் ஆண்டு சேர்ந்த ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், மாதந்தோறும் வேதாளக் கதையின் தலைப்பில் வந்துகொண்டிருந்தது. அவர் 2020இல், 96 வயதில் காலமான செய்தியைப் படித்தபோது, ஒருமுறைகூடச் சந்தித்திராத அவருக்காக நான் அழுதேன். அன்று படிக்கட்டில் பேசியபோதுதான் மற்ற மூன்று பேரும் ஏறக்குறைய அதே நிலையில் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்களைப் பழைய பைண்டு புத்தகங்களில் பார்த்தவர்கள், 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸைச் சேர்த்து வைத்தவர்கள், பெரிய கோயிலின் பூதகணங்களைப் பார்த்துக்கொண்டே பிரகாரத்தில் ஊட்டப்பட்ட தயிர்ச்சோற்றை விழுங்கியவர்கள் என்று ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைத் திறந்தார்கள். இரவு 9 மணிக்குக் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை வந்த பிறகுதான் எழுந்தோம்.

நான் சொல்ல வருவது இதுதான். நாம் எழுத வந்தது வாக்கியங்களால் அல்ல, படங்களால். ஆகவே தொகுப்பிலுள்ள ஒவ்வொரு கதைக்கும் ஒரு முழுப்பக்கப் படம் வேண்டும். குறிப்பாக, சிலப்பதிகாரத்தில் புகாரின் நாற்சந்தியில் நின்று தீயவரைத் தண்டிக்கும் சதுக்கப் பூதம், இன்றைய மயிலாடுதுறையின் நாற்சந்தி ஒன்றில் மீண்டும் வந்து நிற்பதாக நான் எழுதியுள்ள கதைக்கு அந்தப் பூதத்தை நம் ஓவியர் அரிசிலாறு வரைந்து தர வேண்டும். அன்று ஐந்தாவது ஆளாக இருந்து எதுவுமே பேசாமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்த குடமுருட்டி அண்ணன், கிளம்பும்போது 'எனக்கு இதில் சம்மதமில்லை' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனார். காரணத்தை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.


குடமுருட்டி (திருவையாறு) எழுதியது:

அன்று நான் பேசாததற்குக் காரணம், நானும் அந்தப் படத்தைத்தான் நினைத்தேன் என்பது. அதை ஒப்புக்கொண்டுவிட்டே மறுக்கிறேன்.

முதலில் நினைவைச் சற்று உலுக்கிப் பாருங்கள். விக்கிரமன் எந்தக் காலை முன்னே வைத்திருந்தான், வாள் எந்தக் கையில் இருந்தது என்று நான்கு பேரையும் தனித்தனியே கேட்டால் நான்கு விடைகள் வரும் என்று பந்தயம் கட்டுவேன். ஆனால் முயற்சியில் சற்றும் மனம் தளராதவன் என்ற அந்த மாதாந்திர வாக்கியத்தை யாரைக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வார்கள். படம் நம்மைக் கடையில் நிறுத்தியது; வீட்டுக்குக் கூட்டிவந்தது அந்த வாக்கியம். வேதாளம் முருங்கை மரத்தில் ஏறியது என்று தமிழில் எல்லோரும் சொல்கிறோம். எங்கள் கொல்லையில் இரண்டு முருங்கைகள் நிற்கின்றன. ஒரு பூனை தாவினால் கிளை ஒடிந்துவிடும், பிணத்தை அது எங்கே தாங்கப் போகிறது? சொல்லில் அந்த மரம் நூற்றாண்டுக் கணக்காகப் பிணத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வரைந்து பார்த்தால் அன்றைக்கே ஒடிந்துவிடும்.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. ஒன்பது கதைகளையும் நான் படித்துவிட்டேன். ஐந்தில் ஒருவன் ஒரு பிணத்தையோ பெட்டியையோ மூட்டையையோ தோளில் சுமந்து இரவில் நடக்கிறான். நான்கில் யாளி உயிர் பெறுகிறது. மூன்றில் விமானத்தின் நிழல் பேசுகிறது. என் கதையும் இந்தக் கணக்கில் உண்டு, பிறரைச் சுட்டவில்லை. ஒரே படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டு மகிழ்வது நல்ல மாலைப்பொழுதைத் தரலாம். நல்ல தொகுப்பைத் தரும் என்று எப்படிச் சொல்ல முடியும்? படிக்கட்டில் நமக்குக் கிடைத்த மகிழ்ச்சியே தொகுப்பின் நோயாகவும் இருக்கிறது என்று அஞ்சுகிறேன்.

மூன்றாவது, உங்கள் பூதம். சிலப்பதிகாரத்தின் இந்திர விழாக் காட்சியில் புகாரின் பூத சதுக்கத்தை இளங்கோ காட்டும் இடத்தை எடுத்துப் பாருங்கள். பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர், பிறர் மனைவியை விரும்புபவர், அரசனுக்குக் கேடு சூழும் அமைச்சர் ஆகியோரெல்லாம் என் கையிலுள்ள கயிற்றில் அகப்படுவர் என்று நான்கு காதத்துக்குக் கேட்கும்படி அது குரல் எழுப்புகிறது. பிடித்து, புடைத்து, உண்கிறது. அடைக்கலக் காதையில், பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனுக்காகக் கோவலன் தன் உயிரைத் தருவதாகச் சொல்லும்போதும் அது இணங்குவதில்லை. குரல் இருக்கிறது, கயிறு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. முகம் எங்கே? அவர் மறந்துபோய் விட்ட இடம் அது என்றா நினைக்கிறீர்கள்?

வெளியிலிருந்தும் ஒரு சாட்சி. ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். 1947இல் அது கட்டுரையாக அச்சானபோது, படங்கள் தம்மளவில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இத்தகைய கதைகளுக்கு அவற்றால் பெரிய நன்மையில்லை என்று அதில் எழுதியிருக்கிறார். ஒருவன் குன்றின் மேல் ஏறிப் பள்ளத்தாக்கில் ஓர் ஆற்றைக் கண்டான் என்று கதை சொன்னால், கேட்கும் ஒவ்வொருவரும் தாம் கண்ட குன்றுகளையும் ஆறுகளையும் கொண்டு தமக்கென ஒரு காட்சியைக் கட்டிக்கொள்வர் என்பது அவர் காட்டிய காரணம். மலையே இல்லாத நம் பக்கத்துப் பிள்ளை ஒருவன், சுவாமிமலையின் 60 படிகளைக் கொண்டே அந்தக் குன்றைக் கட்டிக்கொள்வான். அது அவனுடைய குன்று. அதை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.


அரிசிலாறு (கும்பகோணம்) எழுதியது:

வரைபவன் என்ற முறையில் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. குடமுருட்டி அண்ணன் அழைத்துவந்த சாட்சியையே குறுக்கு விசாரணை செய்கிறேன். அந்த உரைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1937இல் வெளிவந்த தம் 'ஹாபிட்' நாவலுக்குப் படங்களையும் வரைபடங்களையும் வரைந்தவர் அதே டோல்கீன்தான். சொல்வது ஒன்று, செய்தது ஒன்று. அவருடைய நண்பர் சி. எஸ். லூயிஸின் கதையும் இதே பக்கம்தான் சாய்கிறது: பனி பெய்யும் காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஓர் ஆட்டுக்கால் மனிதனின் காட்சி 16 வயதிலிருந்தே தம் மனத்தில் இருந்ததாகவும், நார்னியா அதிலிருந்தே தொடங்கியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். வட ஐரோப்பியத் தொன்மங்களின் மீது அவருக்குப் பித்துப் பிடித்ததும் சிறுவயதில் ஆர்தர் ராக்கம் வரைந்த படமொன்றைப் பார்த்த பிறகுதான். பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் அவரும் டோல்கீனும் நெருங்கியது அந்தத் தொன்மங்களின் மேலிருந்த பொதுவான காதலால். நம் மகாமகக் குளத்துப் படிக்கட்டுக்கு அது அவ்வளவு தொலைவில் இல்லை என்பது என் எண்ணம்.

அதைவிட அருகில் ஒரு சான்று இருக்கிறது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் மேல்விதானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? மராட்டியர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தீட்டப்பட்ட முசுகுந்தன் கதை அங்கே நீண்ட பட்டைகளாக ஓடுகிறது. வில்வ மரத்திலிருந்து தன்னை அறியாமலேயே சிவன்மேல் இலைகளை உதிர்த்த குரங்கு, மறுபிறவியில் சக்கரவர்த்தியாகப் பிறந்தும் குரங்கு முகத்தை விடாமல் வைத்துக்கொள்கிறது. இந்திரனுக்குப் போரில் துணை நிற்கிறது. ஒன்றுபோலவே தோன்றும் ஏழு திருவுருவங்களில் உண்மையானது எது என்று கண்டுபிடித்து, ஏழையும் பூமிக்குக் கொண்டுவருகிறது. அந்த ஏழு உருவங்களும் குடிகொண்ட விடங்கத் தலங்கள் ஏழும் நம் ஊர்ப் பக்கங்கள்தாம். திருநள்ளாறும் வேதாரண்யமும் திருக்குவளையும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு காட்சியிலும் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். வரைந்தவர் சிங்காதனம் தம் பெயரையும் விட்டுச் சென்றிருக்கிறார். படமும் எழுத்தும் ஒரே சுவரில், ஒரே கையால், ஒன்றையொன்று தடுக்காமல் நடந்த கதை சொல்லல் அது. திருவிழா வாணவேடிக்கையைக்கூட அந்த ஓவியர் விடவில்லை. வெடியின் ஓசையை எப்படி வரைவது என்று அவர் யோசித்திருப்பார் அல்லவா? நான் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியின் அடியில்தான் நீண்ட நேரம் நிற்கிறேன்.

குரங்கு முகமுடைய அரசன் என்று எழுதுவது எளிது. அந்த முகத்தில் அரச களை எவ்வளவு, குரங்கு எவ்வளவு என்று முடிவு செய்பவன் ஓவியன். அந்த முடிவையே அண்ணன் 'பிடுங்குவது' என்கிறார். கதை சொல்லும் பொறுப்பில் ஒரு பங்கு என்று நான் அதற்குப் பெயர் வைப்பேன்.


வெட்டாறு (திருவாரூர்) எழுதியது:

நான் அந்த மண்டபத்துக்கு மிக அருகில் வாழ்பவன்; தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கத்தாருக்கும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது.

முசுகுந்தன் கதையை நீங்கள் மிகுபுனைவு என்ற பையில் போடுகிறீர்கள். தியாகேசரைத் தரிசிக்க வரும் மூதாட்டிக்கு அது புனைவே அல்ல. தம் ஊரின் வரலாறு. சிங்காதனத்துக்கும் அது அவ்வாறே இருந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே சுந்தரர் வெள்ளை யானை மீது கயிலைக்குச் செல்கிறார். சேரமான் பெருமாள் குதிரையில் உடன் செல்கிறார். அதைத் தீட்டியவர் எவரும் வாசகரின் கற்பனையைத் திறப்பதா மூடுவதா என்று கவலைப்பட்டிருக்க மாட்டார். பொதுமக்கள் எளிதில் நுழைய முடியாத அந்த இருட்டில் பார்வையாளர் என்பவரே இரண்டாம்பட்சம்.

வழிபாட்டுக்கு வரைந்ததையும் விற்பனைக்கு அச்சிட்டதையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து 'நம் தாக்கங்கள்' என்று படைக்கும்போது, முன்னதன் நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எடுத்தது இன்னது, விட்டது இன்னது என்று தெரிந்து எடுங்கள். நான்கு கதைகளில் யாளி உயிர் பெறுகிறதாம். அவற்றில் ஒன்றிலாவது அந்தத் தூணின் அடியில் விளக்கேற்றுபவர் யாரேனும் இருக்கிறாரா?


வெண்ணாறு எழுதியது:

வெட்டாறு ஐயாவின் கடைசிக் கேள்வி என்னைச் சுட்டது. இல்லை. ஒன்பது கதைகளிலும் கோயில் இருக்கிறது, குருக்கள் ஒருவர்கூட இல்லை; மெய்க்காவலரும் இல்லை. இதைக் கதையாசிரியர்களுக்குத் தனியே எழுதுகிறேன்.

குடமுருட்டி அண்ணனுக்கு மூன்று பதில்கள். முருங்கை மரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கதைகள் ஒன்றுபோல இருப்பதற்குப் படங்களைக் குற்றம் சாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் பார்த்த படங்கள் மிகக் குறைவு என்பதே காரணம். அம்புலிமாமாவின் பல மொழிப் பதிப்புகளிலும் படங்கள் பெரும்பாலும் ஒன்றே, எழுத்துதான் மொழிக்கு மொழி மாறியது. ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் நம் வயதொத்தவர்கள் அதே விக்கிரமனைப் பார்த்து வளர்ந்தார்கள். பசியோடு இருந்தவர்களுக்கு ஒரே பந்தியில் ஒரே சோறு கிடைத்தது. உண்டவர்கள் ஒரே சாயலில் இருக்கிறார்கள் என்று சோற்றைப் பழிப்பது நியாயமா? புள்ளமங்கைக் கோயிலின் அடித்தளத்தில் இராமாயணத்தைச் சிறுசிறு சதுரங்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். நம்மில் எத்தனை பேர் குனிந்து உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறோம்? நானே 40 வயதுக்குப் பிறகுதான் பார்த்தேன்.

அடுத்து, இளங்கோ முகம் தரவில்லை என்பது. அண்ணன் புகார்க் காண்டத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். அழற்படு காதையைத் திறந்து பாருங்கள். மதுரை எரியும்போது நகரைக் காத்த நான்கு பூதங்கள் வெளியேறுகின்றன. அங்கே இளங்கோ நிறத்தையும் அணியையும் கையிலுள்ள பொருளையும் வரி வரியாகத் தீட்டுகிறார். ஒன்றன் மேனி குளிர்ந்த நிலவைப் போன்றது. ஒன்று முரசும் வெண்குடையும் கவரியும் கொண்டது. ஒன்று கலப்பையும் துலாக்கோலும் ஏந்தியது. ஓர் ஓவியர் கேட்கும் குறிப்புகள் அத்தனையும் அங்கே இருக்கின்றன. பூதத்தை வரையக் கூடாது என்பது அவருடைய கொள்கையாக இருந்திருந்தால் இந்த வரிகள் எப்படி வந்தன?

மூன்றாவதாக, மணிமேகலையில் புகார் நகரத்து மக்கள், வீடுகளின் சுதைச் சுவர்களில் வானவர் முதல் எல்லா உயிர்களையும் தீட்டியிருந்த ஓவியங்களைக் கண்டு தெருவிலேயே நின்றுவிடுகிறார்கள். பேசும் கந்திற்பாவையும் பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியும் கடல் கொள்ளும் நகரமும் வருகிற அந்தக் காப்பியத்தில், வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் சாத்தனார் இடம் வைத்தார்.


கோரையாறு (மன்னார்குடி பக்கம்) எழுதியது:

அக்காவும் ஐயாக்களும் பேசுவதை மூன்று நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தொகுப்பில் என் கதையும் ஒன்று. அன்று படிக்கட்டுக்கு நான் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தப் படத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். ஏனென்றால் நான் அதை முதன்முதலாகப் பார்த்தது கல்லூரிக்குப் போன பிறகு, கைப்பேசியில்.

எங்கள் தெருவுக்குப் பத்திரிகை வந்ததில்லை. முடிதிருத்தும் கடையில் கிடந்த இதழ்களை அண்ணன்மார் பார்த்திருக்கலாம். பெண் பிள்ளைகள் அங்கே போவதில்லை. என் தாத்தாவுக்குக் கோயில் ஓவியமும் அப்படித்தான். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். சட்டம் வந்த மறுநாளே கதவைத் தாண்டியவர் அல்லர் அவர். ஆகவே 'நம் எல்லோருக்கும் பொதுவான தாக்கம்' என்று படிக்கும்போது, அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேட வேண்டியிருக்கிறது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் விவாதிப்பது படமா சொல்லா என்று. எனக்கு இரண்டுமே பிற்பாடு வந்தவை.

எனக்கு முதலில் வந்தது இருட்டு. மின்சாரம் போன இரவுகளில் அப்பாயி கொள்ளிவாய்ப் பிசாசைச் சொல்வார். ஈர வயலில் ஒரு நெருப்பு தோன்றும், அணையும், வேறிடத்தில் தோன்றும். அதற்கு வாய் மட்டும்தான் உண்டு. உடம்பு எங்கே என்று கேட்டால், 'நீ கேட்கிறாயே, அந்த இடத்தில்தான்' என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் திண்ணையிலிருந்து வயலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைப் படம் என்பதா, சொல் என்பதா? சொல்லும் குரலும் பார்க்கும் இருட்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. சதுப்பில் எரியும் வாயு அது என்று பிறகு அறிவியல் பாடத்தில் படித்தேன், பயம் குறையவில்லை.

பூதத்தைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்தில் கயிறு என்றால் அது யார் கையில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக நடந்த மண் இது. பொய்ச்சாட்சி சொன்னவனைக் கட்டுகிற கயிறு ஒன்று இந்த மண்ணில் ஒரு காலத்தில் இருந்ததாகப் படிக்கும்போது எனக்கு அச்சம் வருவதில்லை, ஏக்கம்தான் வருகிறது. அந்தப் பூதத்துக்கு நீங்கள் கோரைப்பல்லும் பிதுங்கிய விழியும் வரைந்தால், அது என்னைப் பயமுறுத்த வந்தது என்று ஆகிவிடும்.


குடமுருட்டி எழுதியது:

கோரையாற்றுத் தங்கையின் பதிவுக்குப் பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். 'யாரைக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வார்கள்' என்று எழுதியிருக்கிறேன். தங்கையை நான் கேட்டதில்லை. அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒன்பது பேரில் எட்டுப் பேர் என்று திருத்தினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும், ஏனென்றால் மற்றவர்களையும் நான் கேட்கவில்லை.

அழற்படு காதையை வெண்ணாறு எடுத்தது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மதுரைப் பூதங்கள் உருவத்தோடு நம் கண்ணில் படுவது அவை நகரை விட்டுப் போகும்போது. காவல் முடிந்தது, அடையாளம் தெரியலாம். புகாரின் சதுக்கத்தில் இருப்பது காவலில் இருக்கும் பூதம். அது குரலாகவும் கயிறாகவும் மட்டுமே இருக்கிறது. இளங்கோவின் கணக்கு இதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, என் வாசிப்பு இது. உங்கள் கதையில் பூதம் போகிறதா, இருக்கிறதா? நான் படித்தவரையில் கடைசிப் பத்தியிலும் அது மயிலாடுதுறையிலேயே நிற்கிறது.

அரிசிலாற்றின் குறுக்கு விசாரணைக்கும் ஒரு பதில். டோல்கீனையும் லூயிஸையும் நெருக்கமாக்கியதில் ராக்கமின் படத்துக்குப் பங்கு இருக்கலாம். நெருக்கத்தைக் காப்பாற்றியது அவர்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் உரக்கப் படித்துக் காட்டியது. கேட்டவர்கள் அறுத்துக் கிழித்தார்கள் என்பதும் தெரிந்ததே. நாம் படிக்கட்டில் என்ன செய்தோம்? பிடித்த படங்களைச் சொல்லி மகிழ்ந்தோம், ஒரு கதையையும் படிக்கவில்லை. யாரும் எதையும் வரைவதற்கு முன்னால், ஒன்பது கதைகளும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டு.


அரிசிலாறு எழுதியது:

வாசிப்புக்கு நான் தயார். என் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, விளக்கை அணைக்க மின்வாரியமே உதவும்.

தாராசுரத்தில் ஒரு சிற்பம் இருப்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். காளையும் யானையும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டு உடல்கள், ஒரே தலை. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் அந்தத் தலை காளையாகிறது, மறுபக்கத்தை மறைத்தால் யானையாகிறது. பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது இதைச் செய்து பார்த்த அன்றுதான் நான் ஓவியனானேன். படம் என்றால் முடிவைக் கட்டி வைப்பது என்று அண்ணன் நினைக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் அந்தச் சிற்பி செய்தது முடிவைப் பார்ப்பவர் கையில் கொடுத்தது. அவர் கொடுத்தது ஒரு தலை, நம் கை மறைப்பது ஒரு பாதி. இதையே நான் பூதத்துக்கும் செய்யலாம் என்று தோன்றியது.

ஆகவே முகத்தை வரையவில்லை. உடலையும் வரையவில்லை. விடியற்காலை நாற்சந்தி, தேநீர்க் கடையின் அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை, நடுவில் தரையில் ஒரு கயிறு கிடக்கிறது. அவ்வளவுதான் படம்.


வெண்ணாறு எழுதியது:

நான் கேட்டது ஒரு பூதம், எனக்குக் கிடைப்பது ஒரு கயிறு. ஏமாற்றம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்ச்சாட்சிதான், கயிற்றில் அகப்படுவேன். ஆனால் என் கதையில் தேநீர்க் கடைக்காரர் முதலில் காண்பதும் கயிற்றைத்தான் என்பதை எழுதிய நானே மறந்திருந்தேன். மற்ற எட்டுக் கதைகளுக்கு முழுப்பக்கப் படம் என்ற என் கோரிக்கை அப்படியே நிற்கிறது. அதை வாசிப்புக்குப் பிறகு தனியே சண்டையிட்டுக்கொள்ளலாம்.


குடமுருட்டி எழுதியது:

கயிறு கிடக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: அதன் ஒரு முனை மட்டுமே பக்கத்துக்குள் இருக்க வேண்டும். மறுமுனை விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும். அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று படிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.


வெட்டாறு எழுதியது:

என்ன கயிறு? இளங்கோ பாசம் என்கிறார். உரையில் அது போதும். படத்தில் போதாது. தேர் வடமா, தாம்புக் கயிறா?


கோரையாறு எழுதியது:

வைக்கோல் பிரி. களத்தில் கட்டுக் கட்ட அதுதான் எங்களுக்குத் தெரிந்த கயிறு. காலையில் திரித்தால் மாலையில் அவிழ்ந்துவிடும் என்று ஏளனமாகச் சொல்வார்கள். நன்றாகத் திரித்தால் ஓர் ஆள் பாரத்தைத் தாங்கும்.


அரிசிலாறு எழுதியது:

வைக்கோல் பிரியைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. இங்கே எல்லாம் இயந்திர அறுப்பு. வைக்கோல் நொறுங்கித் துண்டாகத்தான் வருகிறது. உங்கள் பக்கம் சம்பாவில் எங்காவது கையறுப்பு நடந்தால், அம்மாவிடம் சொல்லி இரண்டு முழம் திரித்து வையுங்கள், தங்கையே. தை கடைசியில் மன்னார்குடிக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். பார்க்காமல் வரைய எனக்கு வராது.